தாத்தாவின் கொக்கியைக் கடல் நூதனசாலைக்குக் கொடுக்கலாமா? பக்கத்தில் என்ன எழுதி வைப்பது?

கொச்சிக்கடைப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். முகத்துவாரம் பக்கம், கடல் தெரிகிற இடத்தில், பழைய வாசிகசாலை ஒன்றை ஒட்டிய அறையைத் துப்புரவாக்கி, அந்தக் கரையின் கடல் வரலாற்றைச் சொல்லும் சின்ன நூதனசாலையாக ஆக்கப் போகிறார்கள். மூன்று கண்ணாடி அலுமாரி, நான்கு சுவர், அவ்வளவுதான் இடம். என் தாத்தாவின் சாமான்கள் வீட்டில் இருப்பது தெரிந்து என்னிடமும் கேட்டிருக்கிறார்கள்.

தாத்தா தூத்துக்குடியில் இருந்து தோணியில் வேலையாளாக வந்தவர். பிறகு கொழும்புத் துறைமுகத்தில், கப்பலில் இருந்து கரைக்குச் சரக்குக் கொண்டுவரும் லைட்டர் படகுகளில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்து, உடம்பு விடும் வரைக்கும் அதிலேயே இருந்தார். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது போய்விட்டார். அவருடைய நான்கு சாமான்களை அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். ஒன்று, மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி. அதன் மரப்பிடி கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது. அடுத்தது எண் வெட்டிய பித்தளை வில்லை. பிறகு ஒரு சாண் நீள ஈயக்குண்டு, மேலே கயிறு கோர்க்கத் துளை, அடியில் எதற்கென்று தெரியாத ஒரு குழி. கடைசியாக ஒரு கொப்பி. அதில் கப்பல்களின் பெயர், மூட்டைக் கணக்கு, யாருக்கு எத்தனை ரூபாய் கடன் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார்.

போன கிழமை கூட்டத்துக்குப் போனேன். சுவருக்கு என்னென்ன படங்கள் என்று பேசினார்கள். போர்த்துக்கேயர் வந்தது, ஒல்லாந்தர் கோட்டை, ஆங்கிலேயர் காலத்து வெளிச்ச வீடு. எல்லாம் சரி. என் டின்னைத் திறந்து காட்டியபோது, நான் மதிக்கிற பெரியவர் ஒருவர், "இது வீட்டு ஞாபகம் பிள்ளை, வரலாறு வேறு" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குள் தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

நான் அடுத்த கூட்டத்துக்கு ஆயத்தமாகப் போக வேண்டும். இவற்றைக் கொடுத்துவிடுவதா, இரவலாக வைப்பதா? கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டும் துண்டில் என்ன எழுதுவது? "இரும்புக் கொக்கி, 20ஆம் நூற்றாண்டு" என்று எழுதிப் பார்த்தேன். அது தாத்தாவின் கொக்கி மாதிரியே இல்லை.

இன்னுமொன்று. தாத்தா அடிக்கடி "ஆரியா, ஆரியா" என்பார். மேல்மாடியில் இருந்து அலுமாரி இறக்கின அன்று படிக்கட்டில் நின்று அப்படியே கத்திக்கொண்டிருந்தார். யாரோ ஆளின் பெயர் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். துறைமுகத்தோடு சம்பந்தப்பட்ட சொல்லா?

---

பண்டகசாலைக் காப்பாளர் எழுதியது:

பிள்ளை, நான் ஒரு நூதனசாலையின் பின்னறையில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட வேலை செய்து ஓய்வு பெற்றவன். காட்சிக்கு வைக்கும் பொருளை விட அலுமாரிக்குள் உறங்கும் பொருளோடுதான் எனக்குப் பழக்கம். முதலில் அவசரமானதைச் சொல்கிறேன்.

பித்தளை வில்லையை யாரும் பிராசோ போட்டுத் துடைக்க விடாதீர்கள். பளபளக்க வேண்டும் என்ற ஆசையில் நல்ல மனிதர்கள் செய்கிற வேலை அது. ஒவ்வொரு துடைப்புக்கும் பித்தளையில் ஒரு படை போகும். வெட்டிய எண்ணின் ஓரங்கள் மழுங்கும். இப்படி ஓர் எண் வாசிக்க முடியாமல் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த எண்தானே அந்த ஆளைத் தேடிப் பிடிக்க இருக்கிற ஒரே நூல்? காய்ந்த மெல்லிய துணி போதும்.

ஈயக்குண்டு பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. புது மரம் அல்லது பிளைவூட் அலுமாரிக்குள் வைத்துக் கண்ணாடியை இறுக்க மூடினால், மரத்தில் இருந்து வரும் அமில ஆவி ஈயத்தைத் தின்னும். சில மாதங்களில் வெள்ளைத் தூள் படியும். அது நஞ்சு. ஆகவே இரும்பு அல்லது அலுமினியச் சட்டம் போட்ட பெட்டியில் வையுங்கள். தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

கொக்கிக்கு எதிரி உப்புக் காற்று. முகத்துவாரத்தில் ஜன்னலைத் திறந்தாலே அது உள்ளே வந்துவிடும். ஜன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம். துருவைச் சுரண்டவும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை போட்டு, மாதம் ஒரு தடவை மாற்றினால் சரி. கொப்பியை லேமினேட் செய்ய யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிழிந்த இடத்தில் செலோடேப்பும் ஒட்டக் கூடாது. ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படமெடுத்து, நல்ல ஒரு பக்கத்தின் நகலைக் காட்சிக்கு வையுங்கள். மூலம் இருட்டில், தட்டையாக, அம்மாவின் வீட்டிலேயே இருக்கட்டும்.

கொடுப்பதா, இரவலா என்றால், முதல் வருஷம் இரவல்தான். இரண்டு பிரதி எழுதுங்கள்: என்ன பொருள், என்ன நிலையில் கொடுத்தீர்கள், எத்தனை மாதம், யார் பொறுப்பு. இரண்டு பக்கமும் கையெழுத்து. படம் எடுத்து இணையுங்கள். சின்ன இடங்களில் நிர்வாகம் மாறும், திறப்பு கை மாறும், அப்புறம் பொருள் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. தாள் இருந்தால் பொருளுக்கு வழி இருக்கும்.

கடலோரத்து அறை என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தர் கப்பலில் இருந்து, கடலடியில் வருஷக்கணக்காக வேலை செய்து எடுத்த பொருட்களைக் கரையோரக் கட்டடத்தில் வைத்துப் பாதுகாத்து வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அதைச் சூறையாடிவிட்டது. கடலில் இருந்து எடுத்ததைக் கடலே திரும்பக் கொண்டுபோனது. ஆகவே கீழ்த் தட்டில் எதையும் வைக்க வேண்டாம், படங்களின் நகல் கரையில் இருந்து தள்ளி வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

இனி அந்தத் துண்டு. எழுதுவதற்கு முன் பொருளைப் பாருங்கள். மரப்பிடியில் பள்ளம் எந்தப் பக்கம்? கொக்கியைப் பிடித்தவரின் கட்டைவிரல் எங்கே அழுந்தியிருக்கிறது? வலக்கையா, இடக்கையா? அம்மாவிடம் கேளுங்கள். அந்தப் பெரியவர் சொன்ன "வரலாறு" அங்கேதான் ஆரம்பிக்கிறது.

---

வல்வை வாடைக்காற்று எழுதியது:

தங்கச்சி, நான் வல்வெட்டித்துறை. இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். உங்கள் ஈயக்குண்டின் குழியைப் பற்றி வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அது ஆழம் பார்க்கும் குண்டு. கயிற்றில் கட்டிக் கடலில் விடுவார்கள். நனைந்த கயிற்றைக் கை விரித்து அளந்தால் எத்தனை பாகம் தண்ணீர் என்று தெரியும். அடியில் உள்ள குழிக்குள் கொழுப்பு அப்பிவிடுவார்கள். குண்டு தரையைத் தொடும்போது அதில் மணலோ சேறோ சிப்பித் தூளோ ஒட்டிக்கொண்டு வரும். கப்பலை நடத்தும் தண்டையல் அதை விரலால் தேய்த்துப் பார்ப்பார். கரை தெரியாத இரவில், இது என்ன மண், எந்தக் கரைக்கு நேராக நிற்கிறோம் என்று அந்த ஒரு சிட்டிகை மண் அவருக்குச் சொல்லும். எங்கள் அப்பு நாக்கில் வைத்தும் பார்ப்பாராம். உங்கள் தாத்தா துறைமுகத்துக்கு வருமுன் தோணியில் இருந்தார் என்பதற்கு அந்தக் குண்டுதான் சாட்சி. லைட்டரில் மூட்டை இறக்குகிறவருக்கு அது தேவையே இல்லை. அவர் அந்த வாழ்க்கையை ஞாபகத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார்.

எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் அல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். எங்கள் ஊர் மாலுமிகளே அதை ஓட்டிப் போய் 1938இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ஊரில் அந்தக் கதையைச் சொல்லாத வீடு கிடையாது. ஆனால் அந்தக் கப்பலில் பலகை இடுக்கை அடைத்துக் கலப்பத்து அடித்த உளியை, பாய் தைத்த ஊசியைப் பாருங்கள் என்று யாரும் எனக்குக் காட்டியதில்லை. போர், இடப்பெயர்வு, வீடுகள் போனது. போனதை எங்கே தேடுவது? உங்களிடம் டின் இருக்கிறது, அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

அப்புறம், சாமானை மட்டும் வைக்காதீர்கள், சொல்லையும் வையுங்கள். கப்பல்காரர் வாயில் இருந்த அணியம், பருமல், தாமான், சுக்கான், கலப்பத்து. காற்றுக்குத் திசைக்கு ஒன்றாக வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று நான்கு பெயர். தென்மேற்கில் இருந்து வரும் சோளகம் பெயர்ந்தால் இந்த மேற்குக் கரையில் பாய்க்கப்பல்காரர் பாடு பெரும்பாடு. இந்தச் சொற்களை வாயால் சொல்லக்கூடிய வயதானவர்கள் முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் இன்னும் இருப்பார்கள். ஃபோனில் பதிந்துவிடுங்கள். பத்து வருஷம் பொறுத்துச் செய்யலாம் என்று விடக்கூடிய வேலையல்ல இது.

---

மருதானை வாசகி எழுதியது:

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் மைத்துனரின் வலையில் போன வருஷம் பழைய பானை ஒன்று முழுசாக அகப்பட்டது. அதையும் இந்த மாதிரி அறைக்குக் கொடுக்கலாமா?

---

பண்டகசாலைக் காப்பாளர் எழுதியது:

அது வேறு கதை மகள். தாத்தாவின் கொக்கி வீட்டுச் சொத்து. கடலில் இருந்து வந்த பழம்பொருளுக்கு 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளாக இருக்கலாம் என்று தோன்றினால் முதலில் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். எந்த இடத்தில், எத்தனை பாகத்தில் வலை போட்டார் என்று இன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். தெற்குக் கரையில் உள்ள கோடவாயாவில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கப்பலின் எச்சம் தெரியவந்ததும் கடலில் முக்குளிக்கிறவர்களின் கண்ணில் பட்டுத்தான். பானையை வெயிலில் காயப் போட வேண்டாம். உள்ளே ஊறிய உப்பு காயும்போது மண்பாண்டத்தை உடைத்துவிடும். நல்ல தண்ணீரில் அமிழ்த்தி வைத்துவிட்டு அழைத்துக் கேளுங்கள்.

---

ஜம்பட்டா வீதிக்காரன் எழுதியது:

அக்கா, நான் அந்தப் பெரியவரின் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்கிறேன். கோபிக்காதீர்கள். சுவரில் பெரிய வரலாறும் வேண்டும். பெரிய வரலாறு இல்லாமல் கொக்கியைப் பார்க்கிற பிள்ளைக்கு, ஏன் இத்தனை பேர் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு மூட்டை சுமக்க வந்தார்கள் என்று புரியாது.

கொழும்பு இயற்கையிலேயே பாதுகாப்பான துறைமுகம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து அடிக்கும் திறந்த கரை இது. நீராவிக் கப்பல்கள் காலியில்தான் நின்று போயின. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்து தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் வைத்தார். 1885இல் முடிந்தது. 4,212 அடி நீளம். அதன் பிறகுதான் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்குத் திரும்பின. உள்ளே வந்த கப்பல்களும் கரையோடு அணையவில்லை, நடுத் துறைமுகத்தில் மிதவையில் கட்டிக்கொண்டு நின்றன. சரக்கை லைட்டரில் இறக்கித்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் உங்கள் தாத்தா வருகிறார். எலிசபெத் மகாராணி இறங்குதுறை 1954இல் திறந்து, கப்பல் கரையோடு அணைய ஆரம்பித்தது. 1980களில் கொள்கலன் முனையம் வந்தது. மூட்டையும் போனது, கொக்கியும் போனது. அலைதடுப்புச் சுவரின் பழைய படத்தையும் கொக்கியையும் ஒரே சுவரில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றை ஒன்று விளக்கும். பெரியவருக்கும் மறுக்க இடமிருக்காது.

இனி "ஆரியா". அக்கா, இதைத்தான் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன். அது ஆளின் பெயர் இல்லை. போர்த்துக்கேய மொழியில் "அரியார்" என்றால் பாய் மாதிரிக் கயிற்றில் தொங்குவதைக் கீழே இறக்குவது. இந்து சமுத்திரத்துக் கப்பல் வேலையாட்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்த பேச்சில் அது "ஆரியா" ஆகிவிட்டது. சுமை தூக்கி இறக்கும் வின்ச் பொறியை ஓட்டுகிறவருக்கு மேலே நிற்கிறவர் "ஆரியா" என்று குரல் கொடுத்தால் "மெதுவாக இறக்கு" என்று அர்த்தம். உங்கள் தாத்தா படிக்கட்டில் நின்று கத்தியது அலுமாரியை இறக்கச் சொல்லித்தான்!

அலுமாரியும் போர்த்துக்கேயச் சொல்தான். நாம் சாப்பிடும் பாண், உட்காரும் கதிரை, வாங்கு, காலில் போடும் சப்பாத்து எல்லாம் அவர்கள் விட்டுப் போனவை. 1898இல் அலைதடுப்புச் சுவரின் அடிப் பக்கத்தில் வேலை செய்தபோது, போர்த்துக்கேயச் சின்னமும் சிலுவையும் வெட்டிய பாறை கிடைத்தது. அதைக் கொழும்புக் கோட்டைப் பகுதியில் உள்ள கோர்டன் பூங்காவில் வைத்தார்கள். அந்தக் கல்லின் படம் கட்டாயம் உங்கள் சுவரில் வரும். கல்லில் இருக்கிற போர்த்துக்கேயர் உங்கள் தாத்தாவின் வாயிலும் இருந்திருக்கிறார்கள் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

---

கொச்சிக்கடைப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவும் நானும் பதினொரு மணி வரை இருந்தோம்.

காப்பாளர் ஐயா சொன்னபடி பிடியைப் பார்த்தேன். என் வலக்கையில் பள்ளம் பொருந்தவே இல்லை. இடக்கைக்கு மாற்றியதும் கட்டைவிரல் போய் அப்படியே உட்கார்ந்தது. அம்மாவிடம் காட்டினேன். "அப்பா சாப்பிடுவது மட்டும்தான் வலக்கையில்" என்றார். அது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. அம்மா கொக்கியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், கொஞ்ச நேரம் பேசவில்லை.

குழிக்குள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று டோர்ச் அடித்தும் பார்த்தோம். காய்ந்துபோன கறுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. வல்வை அண்ணா எழுதியதை வாசித்த பிறகு அதைச் சுரண்ட மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். கையைக் கழுவினேன் ஐயா!

"ஆரியா" விஷயத்தை வாசித்துக் காட்டியதும் அம்மா தன் பாட்டிலேயே சொன்னார், தாத்தாவைப் போலவே, முதல் எழுத்தை நீட்டி, கடைசியில் குரலைத் தாழ்த்தி. என்னை மடியில் இருந்து இறக்கிவிடும்போதும் தாத்தா அப்படித்தான் சொல்வாராம். அதை ஃபோனில் பதிந்துவிட்டேன். இருபது செக்கன்தான் வரும். அறையில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் கேட்கிற மாதிரிச் செய்ய முடியுமா என்று பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் டீச்சரிடம் கேட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து காலியில் நட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாக, எழுத்துப் பக்கம் கீழே இருக்கக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு தமிழ் எழுத்தைத் தேடுவார்கள். ஒரு எழுத்தை அடையாளம் கண்டாலும் துள்ளுவார்கள். இந்த முறை அங்கிருந்து நேராக முகத்துவாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன்.

துண்டுக்கு இப்படி எழுதியிருக்கிறேன். சரியா பாருங்கள்:

*"மூட்டைக் கொக்கி. இரும்பு, மரப்பிடி. கொழும்புத் துறைமுகத்தில் லைட்டரில் இருந்து அரிசி மூட்டை இறக்கப் பயன்படுத்தப்பட்டது. இடக்கைக்காரர் ஒருவருடையது. பிடியில் அவருடைய கட்டைவிரல் பதிந்த பள்ளத்தைப் பாருங்கள். சுமை இறங்கும்போது 'ஆரியா' என்று குரல் கொடுப்பார்கள். 'இறக்கு' என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது."*

---

பண்டகசாலைக் காப்பாளர் எழுதியது:

நன்றாக இருக்கிறது பிள்ளை. ஓர் இடத்தை மட்டும் மாற்றுங்கள். "பயன்படுத்தப்பட்டது" என்று எழுதினால் ஆள் மறைந்துபோகிறார். "இடக்கைக்காரர் ஒருவர் இதைப் பிடித்து லைட்டரில் இருந்து அரிசி மூட்டை இறக்கினார்" என்று தொடங்குங்கள். அம்மாவுக்குச் சம்மதம் என்றால் தாத்தாவின் பெயரையும் போடுங்கள். எழுத்தைப் பெரிதாக அடியுங்கள், வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்களாக இருப்பார்கள். அலுமாரியில் பத்து வயதுப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு வையுங்கள்.

---

கொச்சிக்கடைப் பேத்தி எழுதியது:

மாற்றிவிட்டேன் ஐயா. அம்மா பெயரைப் போடச் சொல்லிவிட்டார். தூத்துக்குடியில் அவர் பிறந்த தெருவின் பெயரும் வேண்டுமாம், நாளைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்கிறார். கூட்டம் வருகிற ஞாயிறு, பூசை முடிந்து பத்து மணிக்கு. டின்னை அம்மாவே தூக்கிக்கொண்டு வருகிறாராம்.